குட்டியின் கண்ணோரத்து நரை

நோன்புக்கு முந்திய வாரம் என் கைபேசிக்கு ஒரு குரல்செய்தி வந்தது. வளைகுடாவில் பந்தயக் குதிரை இனவிருத்திப் பண்ணையொன்றில் வேலை செய்யும் நிந்தவூர்க்காரர் ஒருவர் அனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்து ஊர்; வயதுக்காக என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்பார்.

"அலியார் காக்கா, இஞ்ச எல்லாம் மாறிட்டு. பெட்டையப் பொலிகுதிரையோட சேர்க்கிற கொட்டில்ல கெமரா பூட்டிட்டாங்க. எல்லாம் வீடியோ. உங்கட காலத்துல சாட்சிக் கையெழுத்தெண்டு ஒண்டு இருந்ததாமே? அதப்பத்தி எங்கட குறூப்புக்கு நாலு வரி எழுதிப் போடுங்களன்."

நாலு வரியில் முடிகிற விஷயமில்லை அது. மூன்று வாரம் பதில் போடாமல் இருந்தேன். பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் ஊர் மாவடிப்பள்ளி. வாப்பாவுக்கு வயல்; எனக்கும் வயல்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். இரண்டு போகம் தொடர்ந்து வெள்ளத்தில் போன பிறகு விசா எடுத்துப் போனேன். குதிரை என்றால் படத்தில் பார்த்ததுதான். முதல் இரண்டு வருடம் சாணம் அள்ளினேன், தண்ணீர் சுமந்தேன், கடி வாங்கினேன், இடது பெருவிரல் நகத்தை ஒரு குளம்புக்குக் கொடுத்தேன். குதிரையின் இடது தோளோடு நிற்கப் பழகினேன். பின்னால் போகும்போது அதன் முதுகில் கை வைத்துக்கொண்டே போகப் பழகினேன். ஐந்தாம் வருடம் பெட்டைகளின் தொழுவத்துக்கு மாற்றினார்கள். பத்தாம் வருடம் அந்தத் தொழுவத்துக்கு நான் மேற்பார்வை. இருபத்துநாலு வருடத்தைச் சுருக்கினால் அவ்வளவுதான்.

பண்ணையின் மனேஜர் ஒரு ஐரிஷ்காரப் பெண். நோரா என்று பெயர். நாங்கள் மேடம் என்போம். ஒல்லி, நெடுவல், வெயிலில் சிவந்து உரிந்த மூக்கு. மனிதரை நம்புவது அவளுக்குப் பழக்கமில்லை. நாங்கள் பூட்டிய கதவுகளின் மேல் தாழையும் கீழ்த் தாழையும் தானே போய்த் தொட்டுப் பார்ப்பாள். ஒரு குதிரை தண்ணீர் குடிக்கவில்லை என்று சொன்னால் உடனே கேட்பாள்: "நீ கண்டாயா, கேட்டாயா?" கேட்டது என்றால் அவளுடைய கொப்பியில் அது ஏறாது. கண்டவனைக் கூப்பிட்டு, எந்த நேரம், எந்த வாளி, வாளியில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டபிறகுதான் பென்சிலை எடுப்பாள். ஆரம்பத்தில் எனக்கு அது அவமானமாக இருந்தது. பிறகு நானும் அப்படியே மற்றவர்களைக் கேட்கத் தொடங்கிவிட்டேன். சந்தேகம் அப்படித்தான், சொறி போலத் தொற்றும்.

அவளுடைய அலுவலகச் சுவர் முழுக்க வம்ச அட்டவணைகள். ஒவ்வொரு பெட்டைக்கும் ஐந்து தலைமுறை. உலகத்தில் ஓடும் இந்தச் சாதிப் பந்தயக் குதிரைகள் அத்தனையும் ஆண்வழியில் மூன்றே மூன்று பொலிகுதிரைகளில் போய் முடியும் என்பாள். அந்த மூன்றும் கிழக்கே இருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவை. ஒரே பொலிகுதிரையின் பெயர் தாய்ப் பக்கம் மூன்றாம் தலைமுறையிலும் தகப்பன் பக்கம் நாலாம் தலைமுறையிலும் வந்தால் வேகம் இறுகும் என்று ஒரு கட்சி. கால் எலும்பு நொய்ந்துபோகும் என்று இன்னொரு கட்சி. நோரா இரண்டையும் நம்பமாட்டாள். அவள் பார்ப்பது பெட்டையின் தாய், தாயின் தாய், அந்தத் தாயின் தாய். பந்தயம் வென்றால் பத்திரிகையில் தகப்பன் பெயர்தான் வரும். ஆனால் வாங்க வருகிறவர்கள் விசாரிப்பது தாய்வழியை.

இதை விளங்கிக்கொள்ள எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. எங்கள் கிழக்குக் கரையில் முஸ்லிம் என்றாலும் தமிழர் என்றாலும் குடி என்கிற வம்சப் பிரிவு தாய்வழியில்தான் வரும். கலியாணம் பேச வந்தால் முதற்கேள்வி, என்ன குடி என்பது. ஒருநாள் இதை நோராவிடம் சொன்னேன். பென்சிலை வைத்துவிட்டு, "உங்கள் ஊர்க்காரர்கள் நல்ல குதிரை வளர்ப்பார்கள்" என்றாள். அவள் பகிடி விட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நான் போய் மூன்றாம் வருடம் தவராசா வந்தான். காரைதீவு. மாவடிப்பள்ளியிலிருந்து வெள்ளம் மேவிப் பாயும் தாம்போதிப் பாலத்தைத் தாண்டி வயல் வழியே போனால் காரைதீவு. ஊரில் இருந்தவரை ஒருவரையொருவர் கண்டதில்லை. கடற்தொழில் குடும்பம். கயிறு அவன் கையில் பேசும். ஓரிழுப்பில் அவிழக்கூடிய ஒரு முடிச்சைக் குதிரை கட்ட எல்லோரும் பழகவேண்டும். எனக்கு ஒரு மாதம் எடுத்தது, அவனுக்கு ஒரு காலை. "இது எங்கட தோணி முடிச்சுத்தானே காக்கா" என்று சிரித்தான். ஒரே அறையில் பதினொரு வருடம் இருந்தோம். நோன்பு காலத்தில் எனக்கு விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு அலாரம் வைப்பவன் அவன்தான். நான் தூங்கிப்போவேன் என்று தெரியும்.

சுல்தானைப் பற்றிச் சொல்லவேண்டும். சுல்தான் ஒரு சாம்பல் நிறக் குதிரை. வம்சம் கிடையாது, அட்டவணை கிடையாது. அவனுடைய வேலை, பெட்டை பருவத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வது. டீசர் என்பார்கள். நெஞ்சளவு உயரத்தில் மெத்தை அடித்த ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் பெட்டை, இந்தப் பக்கம் சுல்தான். அவன் மூக்கை நீட்டி மணந்து, அடித்தொண்டையில் கதைப்பான். பெட்டை காதை மடித்துக் கத்திப் பலகைக்கு உதைத்தால், இன்னும் நாளாகவில்லை. அசையாமல் நின்று வாலை விலக்கினால், நாள் வந்துவிட்டது. அந்த நொடியே சுல்தானை இழுத்துக்கொண்டு போய்விடவேண்டும். பெட்டை வம்சமுள்ள வேறொருவனிடம் போவாள். சோற்றின் முன்னால் இருத்தி, பிசைந்த கையோடு எழுப்பிவிடுகிற வேலை. வருடக்கணக்காக அதைச் செய்தான், பாவம். சுல்தானின் கயிறு என் பொறுப்பு. நான் இல்லாத நாளில் தவராசாவின் பொறுப்பு.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

முதலாளி வெளிநாட்டு ஏலத்தில் ஒரு செம்பு நிறப் பெட்டை வாங்கினார். ரைஹானா என்று பெயர் வைத்தார். அவளுடைய தாய்வழியில் நாலு தலைமுறை தொடர்ந்து பெரிய பந்தயம் வென்றவர்கள். இரண்டு மணித்தியாலத் தூரத்திலிருந்த இன்னொரு பண்ணையில் பேர்பெற்ற பொலிகுதிரை ஒன்று நின்றது. மண்ணிற உடம்பு, கறுத்த பிடரி. ரைஹானாவை அதனோடு சேர்க்கவேண்டும் என்று ஒரு வருடம் முன்பே இடம் பிடித்து வைத்திருந்தார்கள். நாள் வந்ததும் குதிரை லொறியில் அவளைக் கொண்டுபோனவன் நான். நோரா அந்த வாரம் நாட்டில் இல்லை. காலையில் போய், பின்னேரம் சேர்க்கைப் பத்திரத்தோடு திரும்பி வந்தேன். மறுநாள் என் மகளின் கலியாணத்துக்கு ஊருக்கு விமானம் ஏறினேன். சுல்தானின் கயிற்றைத் தவராசாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

ரைஹானா சினை பிடித்தாள். பதினொரு மாதத்தில் குட்டி. பெட்டைக் குட்டி, தாயைப் போலச் செம்பு நிறம், நீண்ட கால்கள். முதலாளி பார்க்க வந்து, தொழுவத்திலேயே நின்று இரண்டு ரக்அத் தொழுதார்.

குட்டிக்குப் பத்து வாரம் இருக்கும். ஈத் தொல்லைக்காக ஈரத்துணியால் அதன் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இமை விளிம்பில் நாலைந்து வெள்ளை மயிர். தூசு என்று நினைத்துத் திரும்பத் துடைத்தேன். போகவில்லை. மற்றக் கண்ணைப் பார்த்தேன். அங்கேயும்.

குதிரைத் தொழிலில் உள்ளவனுக்கு அது என்னவென்று தெரியும். சாம்பல் குதிரை பிறக்கும்போது சாம்பலாகப் பிறக்காது. கறுப்பாகவோ செம்பாகவோ பிறந்து, கண்ணோரத்தில் நரைக்கத் தொடங்கி, வருடத்துக்கு வருடம் வெளுத்துக்கொண்டு போகும். சாம்பல் நிறம் தலைமுறை தாண்டிக் குதிக்காது. தாய் தகப்பனில் ஒன்று சாம்பலாக இருந்தே ஆகவேண்டும். ரைஹானா செம்பு. அந்தப் பேர்பெற்ற பொலிகுதிரை மண்ணிறம்.

நான் குந்தியிருந்த இடத்திலிருந்து தலையைத் திருப்பினேன். வேலிக்கு அங்கால் சுல்தான் புல் மேய்ந்துகொண்டு நின்றான், பால் ஊற்றிய சாம்பல் போல.

துணியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினேன். அன்று முழுக்க ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரையும் பார்த்தேன். யாருக்குத் தெரியும், யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று பார்த்தேன். பின்னேரம் தவராசா குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அறைக் கதவைச் சாத்தினேன்.

"தவம், நான் கலியாணத்துக்குப் போன நாள் சுல்தான் உன்ட கைல இருந்தான்தானே?"

"ஓம்."

"ஏதும் நடந்ததா?"

துவாயை இறக்கினான். "ஏன் கேக்கிறீங்க?"

"கேக்கிறதுக்குச் சொல்லு."

அதைக் கட்டில்மேல் போட்டான். பிறகு சொன்னான். "ஒரு நிமிசம் கயித்த விட்டுட்டன் காக்கா. பாம்பு ஒண்டு குறுக்கால போச்சு, அவன் வெருண்டு எழும்பிட்டான். வேலிக்கரைக்குப் போனான். போய்ப் புடிச்சிட்டன்."

"ரைஹானா எங்க நிண்ட?"

"வேலிக்கு அங்கால. அவன் வேலியத் தாண்டல்ல."

"ஏன் எழுதல்ல?"

"எழுதினா மேடம் அனுப்பிருவா. ஒண்டும் நடக்கல்லயே, என்னத்த எழுதுற? அம்மனாண காக்கா, வேலியத் தாண்டல்ல."

நான் நம்பவில்லை. பதினொரு வருடம் ஒரே அறையில் இருந்தவன் சத்தியம் செய்து சொன்னதை, நாலு வெள்ளை மயிருக்காக நான் நம்பவில்லை. குட்டியின் கண்ணைப் பற்றி அவனிடம் சொன்னேன். அவன் முகம் செத்துப்போயிற்று. "அப்ப என்னத்தான் புடிப்பாங்க" என்றான். அப்படிச் சொன்னதையும் நான் குற்றம் செய்தவனின் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன்.

நோராவிடம் நான் சொல்லவேண்டி வரவில்லை. இரண்டு நாளில் அவளே கண்டாள். குட்டியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இந்தக் கண், அந்தக் கண், மறுபடி இந்தக் கண். நாடாவால் எதையோ அளப்பவள் போல மெதுவாக. பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ இல்லாதபோது டீசர் யாரிடம் இருந்தது?"

"தவராசாவிடம்."

"ஏதாவது நடந்ததா?"

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். தெரியாது என்றிருக்கலாம். அவனையே கேளுங்கள் என்றிருக்கலாம். ஆனால் தொழுவத்துக்கு மேற்பார்வை நான். சுல்தான் என் பொறுப்பு. பழி எங்காவது இறங்கவேண்டும், என் தலையில் இறங்கக்கூடாது. அறைக்குள் கதவைச் சாத்தி அவன் என்னிடம் சொன்னதை, கயிறு விட்டதையும் பாம்பையும் வேலியையும், ஒன்றுவிடாமல் சொன்னேன்.

நோரா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். கேட்டதுதான், காணவில்லை என்றேன். அவள் எழுதவில்லை. பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, "மயிர் சொல்லட்டும்" என்றாள்.

மயிர் எடுப்பதை அவள் செய்வித்த விதம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பிடரியிலிருந்து பிடுங்கவேண்டும், வெட்டினால் வேர் வராது, வேர் இல்லாவிட்டால் ஆய்வுகூடத்துக்குப் பிரயோசனமில்லை. விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, தோலோடு ஒட்டி இழுக்கவேண்டும். முதலில் குட்டி, பிறகு ரைஹானா, பிறகு சுல்தான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் என் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் செய்தாள். வேர்களை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினாள். அட்டையில் ஒட்டி, கடதாசி உறைக்குள் வைத்து, ஒட்டிய மடிப்பின் குறுக்கே தன் கையெழுத்தைப் போட்டாள். என்னைப் போடச் சொல்லவில்லை. உறைகளைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு தானே தபாலுக்குப் போனாள். அவள் என்னையும் சந்தேகிக்கிறாள் என்று அன்று விளங்கியது. எனக்குக் கோபம் வந்தது. நான் யாரென்று நினைத்தாள்?

முடிவு வர ஐந்து கிழமை எடுக்கும் என்றாள். முதலாளியின் அலுவலகத்தில் ஒருவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கயிறு விட்ட கதை எப்படியோ அங்கே போய்விட்டது. ஒன்பதாம் நாள் தவராசாவின் விசாவை வெட்டினார்கள். நோரா தொலைபேசியில் சத்தம் போட்டது வெளியே கேட்டது. அவள் சத்தம் அங்கே எடுபடவில்லை. வாசலில் காவல்காரன் அவனுடைய பெட்டியைத் திறந்து, சாரம், சட்டை என்று ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தான். மற்ற வேலையாட்கள் நின்று பார்த்தார்கள். நானும் நின்றேன்.

விமானநிலையத்துக்குப் போகும் வாகனத்தில் ஏறுவதற்கு முன் என்னிடம் வந்தான். "அறைக்குள்ள சொன்னத ஏன் காக்கா வெளிய சொன்னீங்க?" அவ்வளவுதான் கேட்டான். பதிலுக்கு நிற்கவில்லை.

ஐந்து கிழமையில் கடிதம் வந்தது. நோரா என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள். நின்றுகொண்டே வாசித்தாள். தாய் ரைஹானாதான். பத்திரத்தில் எழுதியிருந்த பொலிகுதிரையின் மரபணு வம்சப் பதிவேட்டில் ஏற்கெனவே இருந்தது; அது தகப்பன் அல்ல. சுல்தானும் தகப்பன் அல்ல.

விளங்கவில்லை. திரும்ப வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். சுல்தான் அல்ல. வேலியை அவன் தாண்டவில்லை. தவராசா சொன்னது, அம்மனாண என்று சொன்னது, எழுத்துக்கு எழுத்து உண்மை.

அப்படியானால் யார்? நான் அதைக் கேட்க வாயெடுக்கும்போதே நோரா ஒரு கோப்பைத் திறந்து ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். மற்றப் பண்ணையின் சேர்க்கைப் பத்திரம். பொலிகுதிரையின் பெயர், பெட்டையின் பெயர், திகதி, நேரம். கீழே சாட்சி என்ற இடத்தில் ஒரு கையெழுத்து.

"இது யாருடையது?"

"என்னுடையது."

"நீ கண்டாயா?"

அந்தக் காலை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. உண்மையில் அதுவரை வரவில்லை; அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது. ரைஹானாவை லொறியிலிருந்து இறக்கியதும் அங்கிருந்த ஆள் ஒருவன் கயிற்றை வாங்கிக்கொண்டான். "வெளி ஆட்கள் கொட்டிலுக்குள் வரக்கூடாது, தொற்று வரும். நீ போய்த் தேத்தண்ணி குடி" என்றான். நல்ல மரியாதையாகத்தான் சொன்னான். போய்க் குடித்தேன். ஏலக்காய் போட்ட தேத்தண்ணி. கொட்டிலுக்குள்ளிருந்து குதிரை கனைக்கும் சத்தம் கேட்டது. அரைமணித்தியாலத்தில் ரைஹானாவை வியர்வையோடு கொண்டுவந்து தந்தார்கள். ஒரு தாளை நீட்டினார்கள். மறுநாள் விமானம், மகளின் கலியாணச் சாமான் பாதி வாங்கவில்லை. எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டேன்.

"காணவில்லை" என்றேன். "கேட்டேன்."

நோரா கத்தவில்லை. தாளை எடுத்துக் கோப்பில் வைத்தாள். அவள் ஏற்கெனவே அந்தப் பண்ணைக்கு எழுதியிருந்தாள், பதிலும் வந்திருந்தது. 'உங்கள் ஆளே நேரில் பார்த்துச் சாட்சி போட்டிருக்கிறார்' என்று ஒரே வரி. அந்தப் பண்ணையில் வம்சப் பதிவு இல்லாத ஒரு சாம்பல் பொலிகுதிரையும் நின்றது. பிறகொரு முறை போனபோது வாசலிலிருந்து நானே பார்த்தேன். அதன் மயிரை அவர்கள் தரவில்லை. பேர்பெற்ற குதிரைக்கு அன்று ஏலாமல் இருந்ததா, பெட்டைகளை மாற்றிப் பிடித்தார்களா, வேண்டுமென்றே செய்தார்களா, எதுவும் தெரியாது. இரண்டு முதலாளிமாரும் ஒரே மஜ்லிஸில் அமர்கிறவர்கள். கோப்பி குடித்துப் பேசி முடித்துக்கொண்டார்கள். குட்டிக்கு வம்சப் பதிவு கிடைக்கவில்லை. பந்தயம் இல்லை. பிள்ளைகளுக்குச் சவாரி பழக்கும் இடம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். நல்ல சாதுவான குதிரை என்று கேள்வி.

என்னை ஏன் அனுப்பவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நோரா என்னை வைத்துக்கொண்டாள். ஆனால் அதன் பிறகு இரண்டு வருடம் எந்தத் தாளிலும் என் கையெழுத்தை வாங்கவில்லை. குட்டி பிறந்த நேரத்தை நான் சொன்னால், பக்கத்தில் நின்ற இன்னொருவனைப் பார்த்து, "நீயும் கண்டாயா?" என்று கேட்டுத்தான் எழுதினாள். தவராசாவைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவளும் எழுதினாள். அலுவலகம் அவன் பெயரில் தடை போட்டிருந்தது, எடுக்கவில்லை. அவனுடைய நம்பருக்கு எடுத்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டான். இரண்டாவது தடவை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்னும் ஒன்பது வருடம் அங்கேயே வேலை செய்தேன்.

ஓய்வெடுத்து ஊருக்கு வந்து ஒரு வருடமாகியும் தாம்போதியைத் தாண்டிப் போய் நான் காரைதீவில் இறங்கவில்லை. கல்முனைக்குப் போகும்போது பஸ் அந்த ஊருக்குள்ளால்தான் போகும். மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். சந்தையில் மீன் வாங்கும்போது ஒருநாள் ஒரு வியாபாரி இன்னொருவனிடம் சொல்வது காதில் விழுந்தது. "இது குதிர மாப்பிளட வலைல பட்ட மீன்." யாரது என்று கேட்டேன். சிரித்தான். "காரைதீவுல தவராசா எண்டு ஒராள். வெளிநாட்டுல இருந்து அனுப்பிட்டாங்க. என்னடா எண்டு கேட்டா, குதிரைக்குப் புள்ள வந்ததாம், அதுக்கு இவர அனுப்பினதாம்! ஆராச்சும் நம்புவானா? என்ன களவெடுத்தானோ."

மீனை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். நோரா எனக்குத் தந்திருந்த ஆய்வுகூடக் கடிதத்தின் பிரதி அலுமாரியில் இருந்தது. எடுத்துக்கொண்டு மறுநாள் காலை போனேன்.

கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டு எழும்பவில்லை.

"ஆரு அனுப்பின?"

"ஒருத்தரும் அனுப்பல்ல தவம்."

"இத்தின வருசம் இல்லாம இப்ப ஏன்?"

கடிதத்தை நீட்டினேன். சுல்தான் இல்லை என்று வந்ததையும், சாட்சிக் கையெழுத்து என்னுடையது என்பதையும், நான் காணாமல் போட்டதையும் சொன்னேன். வலையிலிருந்து கையெடுக்காமல் கேட்டான். தாளை வாங்கவில்லை.

"எனக்கு என்னத்துக்கு இது? சுல்தான் தாண்டல்ல எண்டு எனக்குத் தெரியும். நான் கண்டன்." ஊசியை வலையில் குத்தி வைத்தான். "ஊரும் கிடக்கட்டும். என்ட பொண்சாதிக்கிட்டச் சொல்லுங்க. அவளும் நம்பல்ல."

வீடு கிட்டத்தான். அவன் மனைவி புவனேஸ்வரி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அலியார் காக்கா என்று அவன் சொன்னதும் என் பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது. "இரிங்க" என்று கதிரையைக் காட்டினாள். நான் இருக்கவில்லை. நின்றபடி முதலிலிருந்து சொன்னேன். குட்டியின் கண், கயிறு, நான் காட்டிக்கொடுத்தது, கடிதம், என் கையெழுத்து. முடிந்ததும் அவள் என்னைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்தாள்.

"இப்பிடிச் சொல்ல இவருக்கு என்ன குடுத்தீங்க?"

தவராசா சுவரைப் பார்த்தான். பல வருடமாக அவன் அந்த வீட்டுக்குள் எப்படி இருந்திருப்பான் என்பது எனக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது.

"தங்கச்சி, ஒண்டும் தரல்ல," என்றேன். "நான்தான் இவன்ட சோத்துல மண்ணப் போட்டது. பொய் சொல்லி எனக்கென்ன கிடைக்கப் போகுது?"

"அல்லாஹ்வில சத்தியம் பண்ணுவீங்களா?"

பண்ணினேன். சும்மா வாயால் அல்ல. என் வாழ்நாளில் நான் கண்டதற்கு மட்டுமே சாட்சி சொன்ன ஒரு தருணம் அதுவென்று சொல்லலாம்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "குதிரைக்குப் புள்ள வந்ததுக்கு ஆள அனுப்புறதெண்டா," என்று தனக்குள் சொல்லத் தொடங்கியவள் முடிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எத்தின தரம் சொன்னீங்க," என்று அவனைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். உள்ளே தேத்தண்ணிக் கேத்தல் வைக்கும் சத்தம் கேட்டது.

குடித்துவிட்டு எழும்பினேன். தவராசா தெருமுனைவரை கூட நடந்து வந்தான். பஸ் வருவது தெரிந்ததும் நின்றான்.

"அவள் நம்பிட்டாள் போல," என்றான். "நான் உங்கள இன்னும் நம்பல்ல காக்கா."

ஓம் என்றேன். பஸ் வந்தது, ஏறினேன்.